இலவசமாக இறக்கியதெல்லாம் திறந்த கல்வி வளமா?

களுவாஞ்சிக்குடி_உயிரியல்:
வணக்கம். உ/த (உயர்தர) உயிரியலுக்குத் தமிழில் கையேடு தொகுக்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிடிஎஃப் எதையும் மொழிபெயர்த்துச் சேர்க்கலாம் என்கிறார்கள். சரியா? பிறகு கட்டண வகுப்பு நடத்தும் ரியூட்டரிக்காரர் கேட்டாலும் கொடுக்கலாமா?

கல்லடி_வாசகன்:
சரியில்லை சேர். காசில்லாமல் இறக்குவது வேறு, மாற்றிப் பகிர உரிமை இருப்பது வேறு; அந்த உரிமை இருப்பதுதான் திறந்த கல்வி வளம். உரிமம் எதுவும் எழுதப்படாவிட்டால் முழு உரிமையும் ஆக்கியவருக்கே. நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது அவர் ஆயுளோடு இன்னும் 70 வருடம் நீளும். பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

ஆகவே முதலில் உரிமைப் பக்கத்தில் கிரியேட்டிவ் கொமன்ஸ் (சிசி) எனும் திறந்த உரிமத்தின் குறி உண்டா என்று பாருங்கள். 'பை' என்றால் ஆக்கியவர் பெயரைச் சொல்ல வேண்டும், 'என்சி' என்றால் வணிக நோக்கத்துக்குக் கூடாது. 'என்டி' (மாற்றக் கூடாது) என்றிருந்தால் விட்டுவிடுங்கள்; மொழிபெயர்ப்பும் மாற்றம்தான், அதைப் பகிர முடியாது. 'எஸ்ஏ' (அதேபோலப் பகிர்க) என்றால் உங்கள் கையேட்டையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: விக்கிப்பீடியாவின் பை-எஸ்ஏ பந்தியையும் வேறொரு தளத்தின் பை-என்சி-எஸ்ஏ பந்தியையும் ஒரே பாடமாகக் கலக்க முடியாது. இரண்டும் தத்தம் உரிமத்தையே கேட்கும்.

உங்களுக்கு ரைஸ் பல்கலைக்கழகத்தின் இலவசப் பாடநூல் திட்டமான ஓப்பன்ஸ்டாக்ஸின் 'பயோலொஜி 2இ' எனும் ஆங்கில நூல் பொருந்தும், உரிமம் சிசி பை 4.0 (4.0 என்பது உரிமத்தின் பதிப்பு எண்). இலவசம் என்றால் தரம் குறைவு என்று சொல்வோருக்கும் அதைக் காட்டுங்கள். துறைசார்ந்தோர் மீளாய்வு செய்த நூல். ஆனால் நம் பாடத்திட்ட ஒழுங்கில் இல்லை, அலகு அலகாகப் பிரித்து எடுக்க வேண்டும்.

அக்கரைப்பற்று_ஆசிரியை:
ரியூட்டரி விசயம்: 'பை' மட்டும் உள்ளதென்றால் காசு வாங்கும் வகுப்புக்கும் கொடுக்கலாம், விற்கவும் தடையில்லை. 'என்சி' கலந்திருந்தால் கட்டண வகுப்புக்குக் கொடுக்காதீர்கள். கணினியில் மட்டுமே பாவிக்க வேண்டும் என்பதும் பிழை. கொம்யூனிகேசன் கடையில் அச்சடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைக்கு அதுதான் உதவும்.

படங்களைத் தனியாகப் பாருங்கள். நூல் 'பை' என்றாலும் உள்ளே உள்ள ஒரு படம் வேறொருவருடையதாக இருக்கலாம். படத்தின் கீழ் சிறிய எழுத்தில் இருக்கும்.

வாழைச்சேனை_தட்டச்சு:
கையேட்டில் இப்படி ஒரு வரி போடுங்கள்: "மூலம்: பயோலொஜி 2இ, ஓப்பன்ஸ்டாக்ஸ், ரைஸ் பல்கலைக்கழகம், சிசி பை 4.0. தமிழாக்கமும் சுருக்கமும் செய்யப்பட்டுள்ளன." நூலின் இணைப்பும் உரிமத்தின் இணைப்பும் வேண்டும். மாற்றியதைச் சொல்லாமல் விட்டால் நிபந்தனை மீறல், 4.0இல் தெரியவந்து 30 நாளுக்குள் திருத்தினால் உரிமை தானாக மீளும்.

இன்னொன்று, பாமினி எனும் பழைய எழுத்துருவில் அடிக்காதீர்கள். அடுத்தவர் பிரதியெடுத்தால் ஆங்கில எழுத்துக்குவியல்தான் வரும், தேடலிலும் அகப்படாது. யுனிகோட்டில் அடித்து, பிடிஎஃப்புடன் வேர்ட் கோப்பையும் சேர்த்துப் போடுங்கள். பிடிஎஃப் மட்டும் இருந்தால் உரிமம் இருந்தும் ஒரு வரியைத் திருத்துவது பெரும்பாடு.