பின்பால் ராம்ப் வாய்த் தகட்டின் ரிவிட்டை பிளாஸ்டிக் உடையாமல் மாற்றுவது எப்படி?

கேள்வி

வணக்கம். 1990களில் வந்த வில்லியம்ஸ் கம்பெனி பின்பால் மெஷின் (எஃகுப் பந்தைத் தட்டி விளையாடும் ஆட்டப் பெட்டி) ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன். பந்து ஏறும் பிளாஸ்டிக் ராம்ப்பின் வாயில் இருக்கும் ஸ்பிரிங் ஸ்டீல் தகடு முனை மடங்கி, துருவும் ஏறிவிட்டது. புதுத் தகடு கையில் இருக்கிறது. பழையதை மூன்று ரிவிட் பிடித்திருக்கின்றன. நடு ரிவிட் தளர்ந்து ஆடுகிறது. இடப்பக்கத் துளையிலிருந்து 5 மி.மீ. அளவுக்கு மயிரிழை விரிசல். என்னிடம் ட்ரில்லும் பாப் ரிவிட் கன்னும் உண்டு, ரிவிட்டை அழுத்தும் பிரஸ் இல்லை. பழையதை எப்படி எடுப்பது, புதிதாக என்ன ரிவிட் போடுவது, பாப் ரிவிட் போதுமா?

பதில் 1

ராம்ப்பை முழுசாகக் கழற்றி வெளியே கொண்டுவாருங்கள். மெஷினுக்கு மேலேயே ட்ரில் போட்டால் இரும்புப் பிசிர் உள்ளே கொட்டும். காந்தம் ஏறிய பந்து அதைப் பொறுக்கிக்கொண்டு பிளேஃபீல்டு (பந்து ஓடும் ஆட்டப் பலகை) முழுக்கக் கீறும்.

ட்ரில் போட வேண்டியது தலைப்பக்கம் இல்லை, அடிப்பக்கம். தலை கெட்டி, பிட் வழுக்கி ஓடும். ராம்ப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்: ரிவிட்டின் வால் நடுவில் குழியோடு பூ விரிந்த மாதிரி வெளிப்பக்கம் சுருண்டிருக்கும். அந்தக் குழியே பிட்டுக்கு வழிகாட்டி. ரிவிட் தண்டு 1/8 அங்குலம், பட்டறைக் கணக்கில் ஒரு நூல், 3.2 மி.மீ. அதற்கு 4 மி.மீ. பிட்டை மாட்டி மிக மெதுவாகச் சுற்றுங்கள். சுருள் மெலிந்து, கடைசியில் சின்ன வளையமாகக் கழன்று பிட்டிலேயே ஏறிக்கொள்ளும். அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். இன்னும் அரை மி.மீ. இறங்கினால் பிளாஸ்டிக்கின் துளையும் 4 மி.மீ. ஆகிவிடும், புது ரிவிட் அதில் லொடலொடக்கும்.

தளர்ந்த நடு ரிவிட்தான் தொல்லை தரும். பிட்டோடு சேர்ந்து அதுவும் சுற்றும், உரசல் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். பெட்-ஜி (PETG) என்ற பிளாஸ்டிக்கில் செய்த ராம்ப் என்றால் 80 டிகிரி செல்சியஸ் பக்கமே இளகத் தொடங்கிவிடும். தகடு எப்படியும் போகப்போவதுதானே, அதனால் ரிவிட் தலையின் இரண்டு பக்கத்தையும் தட்டையாக அராவி, வைஸ் கிரிப்பால் கவ்விக்கொண்டு ட்ரில் போடுங்கள். வளையம் போனதும், துளையைச் சுற்றி மரக்கட்டையால் முட்டுக்கொடுத்து, 2.5 மி.மீ. பஞ்ச் கம்பியால் மெல்லத் தட்டினால் வெளியே வந்துவிடும். தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பாதீர்கள். இப்படிப்பட்ட விரிசல்கள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன.

பதில் 2

புதிதாகப் போட வேண்டியது அரைக்குழல் ரிவிட், அதாவது வால் நுனி மட்டும் குழலாக இருப்பது. லாரி பிரேக் லைனிங்கில் அடிக்கிறார்களே, அதே குடும்பம்தான். விட்டம் 1/8 அங்குலம். நீளத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மொத்தக் கனத்தோடு தண்டு விட்டத்தில் 0.5 முதல் 0.7 பங்கு வரை சேர்த்தால் வருவதுதான் நீளம்.

உதாரணத்துக்கு: தகடு 0.5, பிளாஸ்டிக் 2.5, வாஷர் 0.8, ஆக 3.8 மி.மீ. சுருள 1.6 முதல் 2.2 வரை வேண்டும். அப்படியென்றால் நீளம் 5.4 முதல் 6 மி.மீ. 7/32 அங்குல ரிவிட் 5.56 மி.மீ., சரியாகப் பொருந்தும். 3/16 (4.76) போட்டால் சுருள் வாஷரைப் பிடிக்காது. 1/4 (6.35) போட்டால் வால் கோணலாக மடங்கும், இல்லை கிழியும். 1/4தான் கிடைக்கிறது என்றால் வாஷர் இரண்டாகப் போடுங்கள், கணக்கு சரியாகிவிடும். உங்கள் ராம்ப்பை வெர்னியரால் அளந்துவிட்டு வாங்குங்கள்.

வாஷரை விட்டுவிடாதீர்கள். தலை பந்து ஓடும் பக்கம் இருக்க வேண்டும், ஆகவே சுருள் பிளாஸ்டிக் பக்கம்தான் விழும். சுருளும் உலோகம் நேராகப் பிளாஸ்டிக்கைக் கடித்தால் அங்கே விரிசல் விடும். 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கான எம்3 அகல வாஷர் (உள்விட்டம் 3.2, வெளிவிட்டம் 9, கனம் 0.8) சரியாக உட்காரும். துளை 3.3 முதல் 3.4 மி.மீ. வரை இருக்கலாம்.

விரிசலின் நுனியில் 1.5 மி.மீ. துளை போட்டால் அது மேலே ஓடாது. சயனோஅக்ரிலேட் பசையை (சூப்பர் க்ளூ) தெளிவான பிளாஸ்டிக்கில் தடவினால் பால் மாதிரி வெளுக்கும், வேண்டாம்.

பதில் 3

பாப் ரிவிட் பற்றி: தகரத்தோடு தகரம் என்றால் நல்ல சாமான். இங்கே வேண்டாம். கன் நடுக்கம்பியை இழுக்கும்போது ரிவிட்டின் உடல் துளைக்குள்ளேயே பக்கவாட்டில் வீங்கும். ஏற்கெனவே விரிசல் உள்ள துளை அதோடு பிளந்துவிடும். தலையும் உயரம். 27 மி.மீ. விட்டமும் 80 கிராம் எடையும் உள்ள எஃகுப் பந்து வேகமாக வந்து அதில் மோதினால் துள்ளும், ஷாட் ஏறாது.

பிரஸ் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். அடியில் ரிவிட் தலைக்கு ஏற்ற குழி உள்ள ஒரு கம்பி, மேலே ரிவிட் வாலைச் சுருட்டும் டை (அச்சு), இரண்டும் இருந்தால் போதும். குழிக் கம்பியை வைஸில் செங்குத்தாகக் கட்டுங்கள். ராம்ப்பின் பக்கச் சுவர் இடிக்காத அளவுக்கு அது நீளமாக இருக்கட்டும். ராம்ப்பைக் கவிழ்த்து, ரிவிட் தலை குழியில் உட்காரும்படி பிடித்து, டையை வாலில் வைத்து, சின்னச் சுத்தியலால் நாலைந்து தட்டு. ஒரே போடாகப் போட்டால் வால் ஒருக்களித்துவிடும். சுருள் வாஷரில் படிந்து தகடு ஆடாமல் நின்றதும் நிறுத்துங்கள். வாஷரைச் சுற்றிப் பிளாஸ்டிக் வெளுக்கத் தொடங்கினால் இறுக்கம் கூடிவிட்டது. ஒரு வேஸ்ட் பிளாஸ்டிக் துண்டில் நாலு ரிவிட் அடித்துக் கை பழகிவிட்டு ராம்ப்புக்கு வாருங்கள்.

முதல் ரிவிட் அடிக்கும் முன்னால் மற்ற இரண்டு துளையிலும் எம்3 ஸ்க்ரூ மாட்டித் தகட்டை நேராக நிறுத்துங்கள். துளை ஒத்துவராவிட்டால் தகட்டை அராவுங்கள், பிளாஸ்டிக்கைத் தொடாதீர்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. ரிவிட் வரும்வரை ஸ்க்ரூ, நட்டிலேயே ஓட்டலாமா? பிறகு, புதுத் தகட்டை வைத்துப் பார்த்தால் முன்விளிம்பு பிளேஃபீல்டிலிருந்து 1 மி.மீ. தூக்கி நிற்கிறது. ரிவிட் அடித்துவிட்டு அழுத்தி வளைக்கலாமா?

பதில் 2

ஸ்க்ரூவில் ஓட்டலாம். தட்டைத் தலை எம்3, அடியில் உள்ளே நைலான் வளையம் உள்ள நட். த்ரெட் லாக்கர் (ஸ்க்ரூ மரையில் விடும் பசை) மட்டும் வேண்டாம். சில பிளாஸ்டிக்குகளில், முக்கியமாக பாலிகார்பனேட்டில், அது பட்ட இடம் விரிசல் விடும்.

வளைப்பதை ரிவிட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அடித்த பிறகு வளைத்தால் அந்த விசை முழுக்க மூன்று துளைக்கும்தான் போகும். தகட்டைத் தனியாக வைஸில் இரண்டு மரக்கட்டைக்கு நடுவே கவ்வி, ரிவிட் வரிசைக்கு முன்னால் ஒரே சீராகக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, ராம்ப்பில் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் ஸ்டீல் திரும்பி எழும், அதனால் வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடவே வளைக்க வேண்டும். விளிம்புக்கு அடியில் ஒரு தாள் நுழையாமல் நின்றால் பந்து தட்டாமல் ஏறும்.