மொகிலி மேடு ஏறும்போது மட்டும் வண்டி ஹீட் ஆகுது, பெல்ட்டும் கத்துது – உதவி தேவை

ஆற்காட்டுக்காரன்:
அண்ணன்மாரே, பத்துச் சக்கர லாரி. ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர், பலமனேர் வழியா கோலாருக்கு லோடு. பிளெயின் ரோட்டுல ஹீட் மீட்டர் முள்ளு நடுவுல நிக்குது. மொகிலி மேட்டுல கியர் குறைச்சதும் சிவப்புப் பக்கம் ஏறுது. காலையில ஸ்டார்ட் பண்ணா கீச்சுனு சத்தம். ரெட்டை பெல்ட்டுல அறுந்த ஒண்ணை மட்டும் மாத்தினாங்க. தண்ணி குறையல, ஹோஸ் கசியல. தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் தண்ணியை ரேடியேட்டருக்குத் திறந்துவிடற வால்வு) கழட்டி எறிங்கறார் பக்கத்து ஷெட்காரர். செய்யலாமா?

காட்பாடி டிரைவர்:
எறிங்க தம்பி. நம்ம ஊரு அக்னி நட்சத்திர வெயிலுக்கு அது எதுக்கு?

வாலாஜா மெக்கானிக்:
வேண்டாம். பல இன்ஜின்ல தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். எடுத்துட்டா சுடுதண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாம சுத்தும். ஹீட் கூடத்தான் செய்யும்.

மேட்டுல மட்டும் சூடுன்னா முதல் சந்தேகம் ஃபேன் மேலதான். ஓட்டத்துல எதிர்காத்தே ரேடியேட்டரை ஆத்திடும். ஊர்ந்து ஏறும்போது ஃபேன் இழுத்தாதான் காத்து. இன்ஜின் ஆறினதும் சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஃபேனைக் கையால சுத்துங்க. கொஞ்சம் பிடிச்சுப் பிடிச்சுச் சுத்தணும். தள்ளிவிட்டதும் தன்பாட்டுக்கு ஓடுச்சுன்னா, ஃபேனை இன்ஜினோட சேர்த்துச் சுத்த வைக்கிற விஸ்கஸ் கிளட்ச்ல சிலிக்கான் ஆயில் கசிஞ்சிருக்கு.

பெல்ட் ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா பாரம் முழுக்க புதுசு மேலயே விழும். ஜோடியா மாத்துங்க. பெல்ட் புல்லி விளிம்புக்குச் சமமா உக்காருதான்னும் பாருங்க.

ஆற்காட்டுக்காரன்:
பாத்தேண்ணே. ஃபேன் ராட்டினமா ஓடுது. நடுவுல இருக்கிற சுருள் தகட்டைச் சுத்தி கறுப்பா எண்ணெய்ப் பிசுக்கு. டைனமோ புல்லியில ஒரு காடியோட அடி மட்டும் பளபளன்னு இருக்கு.

வாலாஜா மெக்கானிக்:
அந்தப் பிசுக்கு கசிஞ்ச ஆயில்தான், கிளட்ச்சை மாத்தணும். புல்லியில பெல்ட் இறங்கி அடியைத் தொடுது, அதான் பளபளப்பு. V பெல்ட் பக்கவாட்டுல கவ்வித்தான் இழுக்கும். அடியில உக்காந்துட்டா எவ்வளவு டைட் வெச்சாலும் வழுக்கும். அந்தப் புல்லியை மாத்தாம புது பெல்ட் மட்டும் போட்டா அதுவும் கத்தும். ஓவர் டைட் வெச்சா வாட்டர் பம்ப் பேரிங் போயிரும். புது பெல்ட் கொஞ்சம் ஓடினதும் தளரும், மறுபடி ஒரு தடவை டைட் பாருங்க. புது கிளட்ச்சைப் படுக்கப் போடாதீங்க, மாட்டுற வாக்கிலேயே நிமிர்த்தி வைங்க. கழட்டின கையோட, டர்போ காத்தை ஆத்துற இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல அடைச்ச குப்பையையும் எடுத்துடுங்க.

ஆற்காட்டுக்காரன்:
கிளட்ச் நாளைக்குத்தான் வருமாம். இன்னிக்கு ராத்திரி கோலார் லோடு இருக்கே?

வாலாஜா மெக்கானிக்:
வேற வண்டியில ஏத்தி விடுங்க. மேட்டுல சூடேறி இன்ஜின் ஹெட்டுக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கெட் போச்சுன்னா அந்த வாடகை எந்த மூலைக்கு?