மருந்துகளில் ‘இம்ப்யூரிட்டி’: கலப்படமா, மாசா?

நண்பர்களே,

மருந்தோடு சிறிதளவு சேர்ந்திருக்கும் வேண்டாத பொருளை ஆங்கிலத்தில் ‘இம்ப்யூரிட்டி’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் ‘கலப்படம்’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. கலப்படம் என்றால் யாரோ தெரிந்தே கலந்தது. இதுவோ அழைக்காமல் கூடவே வருவது. ஒழுங்காகத் தயாரித்தாலும் கொஞ்சம் இருக்கும். ‘அசுத்தம்’ கை கழுவாத விஷயம்போல் ஒலிக்கிறது. மாசற்ற பொன் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம், ‘மாசு’ போதும். சுற்றுச்சூழல் மாசோடு குழம்பாமலிருக்க முன்னால் ஓர் அடைமொழி சேர்த்தால் சரி.

அந்த அடைமொழியில்தான் சிக்கலே. ‘மூலப்பொருள் மாசு’, ‘விளைபொருள் மாசு’ என்று பொருளை வைத்துப் பிரிப்பது நிற்காது. ஆஸ்பிரினைப் பாருங்கள். சாலிசிலிக் அமிலத்திலிருந்து அதைச் செய்கிறோம். வினை முழுமையாக நடக்காவிட்டால் அந்த அமிலம் மிஞ்சும். மாத்திரையில் ஈரம் பட்டால் ஆஸ்பிரின் உடைந்து மறுபடியும் அதே அமிலம். பொருள் ஒன்று, வந்த வழி இரண்டு.

புற்றுநோய் உண்டாக்கலாம் என்று அஞ்சப்படும் என்டிஎம்ஏ என்ற வேதிப்பொருளின் விவகாரமும் இப்படித்தான். 2018-இல் வால்சார்டன் என்ற இரத்த அழுத்த மருந்தில் அகப்பட்டது தயாரிப்பின்போதே உருவானது; டைமெத்தில்ஃபார்மமைடு கரைப்பானும் சோடியம் நைட்ரைட்டும் ஒரே வினையில் புழங்கியதன் விளைவு. மறு ஆண்டு ரானிடிடின் என்ற வயிற்று அமில மருந்தில் கதை வேறு. அந்த மூலக்கூறே வெப்பத்தாலும் நாள்பட இருப்பதாலும் சிதைந்து என்டிஎம்ஏவைத் தருகிறது. வால்சார்டனுக்குத் தயாரிப்பு முறையை மாற்றினால் தீர்ந்தது. ரானிடிடினை 2020 ஏப்ரலில் சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ. ஆகவே வழியை வைத்தே பெயரிடுவோம்: தயாரிப்புவழி மாசு, சிதைவுவழி மாசு.

மற்றவை எளிது. பல்லேடியம் போன்ற வினையூக்கி மிச்சங்கள், ஈயம், பாதரசம் எல்லாம் ‘தனிம மாசு’. ‘உலோக மாசு’ என்றால் ஆர்செனிக் வெளியே நின்றுவிடும். தயாரிப்பில் பயன்பட்டு மருந்தில் தங்கிவிடும் கரைப்பானுக்கு ‘எஞ்சிய கரைப்பான்’. ‘எச்சக் கரைப்பான்’ வேண்டாமே, எச்சம் என்றதும் பலர் அண்ணாந்து காக்கையைத் தேடுவார்கள். இங்கே ‘மாசு’ சேர்க்காமல் விட்டதற்கும் காரணம் உண்டு: மருந்து விதிகளைப் பல நாடுகளுக்கும் பொதுவாக்கும் ஐசிஎச் அமைப்பின் வரம்பில் பென்சீனுக்குப் பத்து லட்சத்தில் 2 பங்குதான், எத்தனாலுக்கோ 5000 பங்கு. இரண்டையும் ஒரே வசைச்சொல்லில் அடைக்க மனம் வரவில்லை.

மரபணுவில் மாற்றத்தை (சடுதிமாற்றம்) உண்டாக்கும் ‘மியூட்டஜெனிக்’ வகைக்கு மட்டும் சொல் அமையவில்லை. சடுதிமாற்றம் என்ற சொல்லை அப்படியே கொண்டுவந்தால் மூச்சு வாங்குகிறது. ‘திரிபூக்கி மாசு’ என்று ஒன்று தோன்றியது. உயிரியல் படித்தவர்கள் கொஞ்சம் அடித்துத் திருத்துங்கள்.