ஃபைல் பெயரில் 17:40, புயல் வந்தது ராத்திரி: இந்த ஃபெஞ்சல் வீடியோ நிஜமா?

முத்தியால்பேட்டை_க்ளிக்:
புதுச்சேரி கடற்கரைச் சாலை, ‘ஃபெஞ்சல் கரை கடக்கும் நேரம்’னு ரெண்டு வீடியோ சுத்துது. முதல் ஃபைல் பிஎக்ஸ்எல்_20241130_174012345. புயல் கரை கடந்தது ராத்திரி 10:30க்கும் 11:30க்கும் நடுவுல. பெயர்லயே சாயங்காலம் 5:40 இருக்கு. தலைப்பு பொய்.

மஞ்சக்குப்பம்:
அவசரப்படாதீங்க சார். பிஎக்ஸ்எல்னா கூகுளோட பிக்ஸல் போன். அது பெயர்ல வைக்கிறது யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்ம நேரத்துக்கு 5:30 மணி கூட்டுங்க, 23:10 வரும். சாம்சங்கா இருந்தா 20241130_231012னு நம்ம ஊர் நேரமே இருக்கும்.

முத்தியால்பேட்டை_க்ளிக்:
ஃபைலுக்குள்ள பதிஞ்ச தகவலைப் படிக்கிற எக்ஸிஃப்டூல் 17:42:31 காட்டுதே? பெயரோட ஒட்டல. யாரோ கை வச்சிருக்காங்க.

மஞ்சக்குப்பம்:
வீடியோ நீளம் 2:19. 17:40:12ஓட கூட்டிப் பாருங்க, கச்சிதமா 17:42:31. பெயர்ல இருக்கிறது பதிவு ஆரம்பிச்ச நேரம். பல ஆண்ட்ராய்டு போன் எம்பி4 வீடியோ ஃபைலுக்குள்ள எழுதுறது நிறுத்தின நேரம். ஒட்டாம இருக்கிறதுதான் இங்க சரி.

முத்தியால்பேட்டை_க்ளிக்:
ஒரே கமாண்ட்ல நேரத்தை மாத்திடலாமே.

மஞ்சக்குப்பம்:
மாத்தலாம், மறுக்கல. ஆனா எம்பி4ல நேரம் மூணு மட்டத்துல இருக்கு: மொத்த ஃபைலுக்கு, படம், ஒலின்னு ஒவ்வொரு ட்ராக்குக்கு, அதுக்குள்ள மீடியாவுக்கு. எக்ஸிஃப்டூல்ல ‘ஆல்டேட்ஸ்’ கமாண்ட் போடுறவன் மேல இருக்கிறதை மட்டும் மாத்துவான், ட்ராக் நேரம் பழசாவே கிடக்கும். மூணையும் பாருங்க. விண்டோஸ் காட்டுற ‘மாடிஃபைட்’ தேதியை மட்டும் கொண்டு வராதீங்க, எடிட் பண்ணாலே அது மாறிடும்.

வில்லியனூர்_ராந்தல்:
ரெண்டாவது, விஐடி-20241201-டபிள்யூஏ0014? டிசம்பர் 1 வெள்ளத்தோட பொருந்துதே.

மஞ்சக்குப்பம்:
அது வாட்ஸப் வச்ச பெயர். அந்த போனுக்கு வந்து சேர்ந்த தேதி, வரிசை எண், அவ்வளவுதான். 2011 தானே புயல் வீடியோவை அன்னிக்கு அனுப்பியிருந்தாலும் 20241201தான். சுருக்கி அனுப்புறதுல கேமரா மாடல், இடம் எல்லாம் உதிர்ந்துடும். முதல்ல எடுத்தவர்கிட்ட சுருக்காம டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க.

வில்லியனூர்_ராந்தல்:
எடுத்தவரே யாருன்னு தெரியலையே அண்ணே. ஆனா பகல் வெளிச்சம். 0:41ல தெற்கே பழைய துறைமுகப் பாலம் முழுசா நிக்குது. 2022 மார்ச்லயே அதுல ஒரு பகுதி இடிஞ்சு விழுந்துடுச்சு. அப்ப இது அதுக்கு முந்தின வீடியோதானே?

முத்தியால்பேட்டை_க்ளிக்:
கோணத்துல இடைவெளி மறைஞ்சிருக்கலாம்.

மஞ்சக்குப்பம்:
நியாயம். கேமரா நகர்ற இடம் 0:38–0:50. விநாடிக்கு 2 ஃப்ரேமா, அதாவது தனித்தனிப் படமா வெட்டி வரிசையா வைங்க. இடிஞ்ச பாலம்னா ஏதாவது ஒரு ஃப்ரேம்ல ஓட்டை வழியா கடல் தெரியணும்.

முத்தியால்பேட்டை_க்ளிக்:
முதல் வீடியோ பத்தி சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ரெண்டாவதுக்கு ஃப்ரேம் வெட்டிப் போடுறேன், 24 படம்.