தொடர்கொலை வழக்கில் அதிகாரிகள் மீதும் குற்றச்சாட்டு வந்தால்: துலூஸ் வழக்கை எப்படிப் பிரித்துப் படிப்பது?

உவர்மலை_வாசகி எழுதியது:

வணக்கம். இலங்கையின் திருகோணமலையில் (திருமலை) சட்டம் படிக்கும் மாணவர்களின் வாசிப்பு வட்டத்துக்காக, பிரான்ஸின் துலூஸ் நகரத்துத் தொடர்கொலையாளி பத்ரிஸ் அலேக்ரின் வழக்கைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கொலைகள் ஒரு பக்கம் இருக்க, நகர மேயராக இருந்தவர், நீதித்துறையைச் சேர்ந்தவர்கள் என்று பலர் மீதும் பாரதூரமான குற்றச்சாட்டுகள் வந்தன. இணையத்தில் கிடைக்கும் தமிழ் வீடியோக்கள் எல்லாவற்றையும் ஒரே சாம்பாராக்கி, "பெரிய இடத்துக் கை" என்று முடித்துவிடுகின்றன.

மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். கொலை வழக்கு எங்கே முடிகிறது, குற்றச்சாட்டு எங்கே தொடங்குகிறது? இதே மாதிரி ஒரு கொலையாளி ஓர் அதிகாரியின் பெயரைச் சொன்னால் நம் நாட்டுச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பெறுமதி? தற்கொலை என்று மூடிய மரணத்தைத் திரும்பத் திறக்க என்ன மிச்சம் இருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள்.

கோணேசர்_வீதி எழுதியது:

தங்கச்சி, முதலில் இதை இரண்டு கோவையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் வீடியோக்கள் கெடுவது இந்த இடத்தில்தான்.

முதல் கோவை தீர்ப்போடு முடிந்தது. அலேக்ர் 1997 செப்டெம்பரில் கைதானார். 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் தலா ஒன்று, 1997 இல் மூன்று என ஐந்து கொலைகள், ஒரு கொலை முயற்சி, பல பாலியல் வல்லுறவுகள். 2002 பெப்ரவரியில் ஆயுள் தண்டனை, அதில் 22 ஆண்டுகளுக்கு விடுதலை கோர முடியாது என்ற நிபந்தனை. இதில் சர்ச்சை ஏதும் இல்லை.

இரண்டாவது கோவைக்கு வேர் இன்னொரு இடத்தில். அந்தப் பகுதியில் தீராத மரணங்கள் பல இருந்தன, சில தற்கொலை என்றே மூடப்பட்டவை. அவற்றை மீளப் பார்க்க 2000 இல் ஜோந்தார்ம் படையினர் (பிரான்ஸின் இராணுவ அமைப்புள்ள பொலிஸ் படை) "ஹொமிசிட் 31" என்ற சிறு அணியை அமைத்தார்கள். 31 என்பது அந்த மாவட்டத்தின் இலக்கம். தலைமை மிஷேல் ரூசெல். அந்த அணி தேடிப்போன கேள்வி நியாயமானது: இத்தனை ஆண்டுகள் இவன் எப்படிப் பிடிபடாமல் இருந்தான், யாராவது காப்பாற்றினார்களா? முன்பு பாலியல் தொழிலில் இருந்த இரண்டு பெண்கள் கொடுத்த வாக்குமூலங்களில்தான் பிரமுகர்களின் பெயர்கள் வந்தன.

அதில் பெரிய பெயர் டொமினிக் போடிஸ். 1983 முதல் 2001 வரை துலூஸ் மேயர். குற்றச்சாட்டு வந்தபோது ஒலிபரப்பை மேற்பார்வை செய்யும் உயர்சபையின் தலைவர். 2003 மே 18 ஆம் திகதி அவரே தொலைக்காட்சிச் செய்தியில் தோன்றி, தன் பெயர் அடிபடுகிறது, எல்லாம் பொய் என்றார். அதன் பிறகு வெள்ளம்தான். துலூஸ் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை அரசுத் தரப்பு அதிகாரி ஜான் வொல்ஃப் தன் பெயரும் சொல்லப்படுவதாக அறிவித்தார், இடமாற்றப்பட்டார். சிறையிலிருந்த அலேக்ரும் கடிதம் மூலம் குற்றம் சாட்டினார், பிறகு மறுத்தார். அதே ஆண்டு செப்டெம்பரில் இரு பெண்களில் ஒருவர் போடிஸ் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கினார். 2005 இல், வழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்று போடிஸ் மீதான விசாரணை மூடப்பட்டது. 1992 இல் துலூஸ் ஹோட்டல் ஒன்றில் பெண் ஒருவர் இறந்துகிடந்த விவகாரமும் 2008 இல் அதே மாதிரி மூடப்பட்டது. பொய்க் குற்றச்சாட்டுக்காக இரு பெண்களுக்கும் பின்னர் ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. போடிஸ் 2014 இல் காலமானார்.

ஆகவே போடிஸ் பற்றி எழுதும்போது "குற்றம் சாட்டப்பட்டார்" என்று நிறுத்திவிடக் கூடாது. முடிவையும் அதே பந்தியில் எழுத வேண்டும். மறுபக்கம், தற்கொலை என்று மூடிய மரணங்களைச் சரியாக விசாரித்தார்களா என்ற கேள்வியை அந்த முடிவு அழித்துவிடவில்லை. விசாரணைத் தவறு வேறு, சதி வேறு. முன்னையதற்கு ஆதாரம் இருப்பது பின்னையதை நிரூபிக்காது.

கட்டுரைக்கு முன் ஓர் அட்டவணை போடுங்கள். யார் சொன்னது, யாரிடம், முதல் தடவை எந்தத் திகதியில், அதற்கு முன் அந்தப் பெயர் பத்திரிகையில் வந்திருந்ததா, சொன்னவருக்குச் சம்பந்தமில்லாத எந்தப் பதிவேடு அதைச் சரிபார்க்கிறது. ஹோட்டல் பதிவேடு, தொலைபேசிப் பட்டியல், பயணச்சீட்டு, நாட்குறிப்பு, எதுவானாலும். நாலாவது நிரல்தான் மிக முக்கியம். பெயர் வெளியே வந்தபின் கொடுத்த வாக்குமூலமும் வருமுன் கொடுத்ததும் ஒரே எடை இல்லை. விசாரிப்பவரே "அங்கே மேயரும் இருந்தாரா?" என்று கேட்டிருந்தால், வந்த பெயர் சாட்சியின் பெயரா, கேட்டவரின் பெயரா என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுதாமல் பதிலை மட்டும் தொடர்ச்சியாக எழுதிய வாக்குமூலத்தில் அந்தத் தடயமே அழிந்துபோகும்.

மூன்றாங்கட்டை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என் பங்கு.

இந்தியப் பாடநூலை வைத்து இதை எழுதிவிடாதீர்கள், மாணவர்கள் விழும் குழி அது. ஒன்றாக விசாரிக்கப்படும் எதிரிகளில் (குற்றம் சாட்டப்பட்டவர்களில்) ஒருவர் தந்த குற்ற ஒப்புதலை மற்றவருக்கு எதிராகவும் கவனத்தில் எடுக்கலாம் என்பது 2024 வரை நடைமுறையில் இருந்த இந்தியச் சான்றுச் சட்டத்து 30 ஆம் பிரிவு. நம் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் அதே 30 ஆம் பிரிவு அதை எடுக்கக் கூடாது என்கிறது. இலக்கம் ஒன்று, விளைவு நேரெதிர். ஆக, கொலையாளி "இன்னார் என்னைக் காப்பாற்றினார்" என்று ஒப்புதலில் சொன்னால், அது அந்த இன்னாருக்கு எதிரான சான்று ஆகாது.

பொலிஸாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் 25 ஆம் பிரிவின்படி சொன்னவருக்கு எதிராகவே செல்லாது. காவலில் இருக்கும்போது வேறொருவரிடம் சொன்னால், நீதவானின் உடனடி முன்னிலையில் சொல்லியிருக்க வேண்டும், அது 26. விதிவிலக்கு 27: அவர் சொன்னதன் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் ஏற்கப்படும். "கத்தியைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்றதில் கிணற்றடி உள்ளே வரும், "இன்னார் சொல்லித்தான் செய்தேன்" வெளியே நிற்கும். பத்திரிகைகள் வெளியே நின்றதைத்தான் தலைப்பாக்கும்.

விசாரணைக் கட்டத்தில் அந்தச் சொல் குப்பை என்று இதற்கு அர்த்தம் இல்லை. துப்பு என்ற அளவில் அதற்குப் பெறுமதி உண்டு. ஒழுங்கான வழி, குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் (1979 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கச் சட்டம்) 127 ஆம் பிரிவின் கீழ் நீதவான் முன் பதிவு செய்வது. ஒப்புதல் தரக் கட்டாயமில்லை, தந்தால் எதிராகப் பயன்படலாம் என்று நீதவான் முதலில் சொல்ல வேண்டும், தானாகத் தருகிறார் என்று திருப்திப்பட வேண்டும். சட்டமா அதிபர் மன்னிப்பு வழங்கி அவரையே சாட்சியாக்கவும் முடியும். அப்போது சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 133 ஆம் பிரிவின்படி உடந்தையாளர் தகுதியான சாட்சிதான், ஆனால் வேறு ஆதாரம் வலுச்சேர்க்காவிட்டால் நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் (114 ஆம் பிரிவு). கடைசியில் கோணேசர்_வீதி அண்ணா சொன்ன அட்டவணைக்கே வருகிறோம்: சம்பந்தமில்லாத பதிவேடு.

அந்தப் பதிவேட்டை நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டால் போச்சு. தொலைபேசி அழைப்பு விபரம் நிறுவனங்களிடம் காலவரையறையோடுதான் கிடக்கும், சிசிடிவி அதைவிடச் சீக்கிரம் பழைய பதிவை அழித்து அதன்மேலேயே புதியதை எழுதிக்கொள்ளும். முதல் பி அறிக்கையோடேயே (பொலிஸார் விபரங்களை நீதவானுக்குத் தெரிவிக்கும் அறிக்கை) நீதவானின் கட்டளை கேட்க வேண்டும். கைபேசிக் கோபுரத் தரவு ஒரு சுற்றுவட்டத்தைத்தான் காட்டும், ஒரு வீட்டைக் காட்டாது. இதைக் கட்டுரையில் ஒரு வரி சொல்லுங்கள்.

நம் பக்கத்துக்கே உரிய இன்னொரு கோளாறு மொழி. தமிழில் சொன்னதை சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினால், வழக்கு விசாரணையில் "நான் இப்படிச் சொல்லவில்லை" என்று ஒரு வரி போதும், முரண்பாடு என்று சாட்சி உடைந்துவிடும். அரசியலமைப்பின்படி வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். தமிழில் எழுதவும், எழுதியதை வாசித்துக் காட்டவும் சாட்சி கேட்க வேண்டும்.

பொய் என்று தெரிந்தே குற்றம் சாட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின் 208 ஆம் பிரிவில் குற்றம், அரச ஊழியரைத் தூண்டிவிடப் பொய்த் தகவல் தருவது 180. ஆனால் நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டு எல்லாம் பொய்க் குற்றச்சாட்டு அல்ல.

உவர்மலை_வாசகி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். அந்தக் கடைசி வரியில்தான் எனக்குச் சிக்கல். துலூஸில் "ஆதாரம் இல்லை" என்று மூடினார்கள். நம் ஊரில் ஐந்து மாணவர் வழக்கிலும் "போதிய சாட்சியம் இல்லை" என்றுதான் முடிந்தது. வாசகர்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்துவிட மாட்டார்களா?

மூன்றாங்கட்டை எழுதியது:

எடுக்க விடக் கூடாது. துலூஸில் சொல்லப்பட்டதைச் சோதித்துப் பார்த்தார்கள், தாங்கவில்லை, சொன்னவர்களில் ஒருவரே பின்வாங்கினார். இங்கே 2006 ஜனவரி 2 மாலை காந்தி சிலையடியில் நடந்தது தொடர்கொலை அல்ல, ஒரே நேரத்தில் ஐந்து உயிர். மாணவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்தது என்றுதான் படைத்தரப்பு முதலில் சொன்னது. உடல்களில் இருந்தவை துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள். அதைக் காட்டும் படங்களை எடுத்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். முக்கிய சாட்சிகள் அச்சத்தில் நாட்டை விட்டே போனார்கள். 2013 இல் இந்தக் கொலைகளுக்காகக் கைதான 13 பேரும் 2019 ஜூலையில் திருமலை நீதவான் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டனர்.

அங்கே சாட்சியம் சோதனையில் தோற்றது. இங்கே சாட்சியம் சோதனைக்கே வந்து சேரவில்லை. தீர்ப்பின் வார்த்தை ஒன்று போலத் தெரிந்தாலும், சாட்சிகள் கூண்டில் ஏறினார்களா, குறுக்கு விசாரணை நடந்ததா என்று பாருங்கள். எந்த நாட்டு வழக்கானாலும் இதை முதலில் பார்க்க வேண்டும். சாட்சிகளைப் பாதுகாக்கும் தனிச் சட்டம் இங்கே 2015 இல்தான் வந்தது, இப்போது நடைமுறையில் இருப்பது 2023 ஆம் ஆண்டு 10 ஆம் இலக்கச் சட்டம். தூர இடத்திலிருந்து ஒலி ஒளி இணைப்பில் சாட்சியம் சொல்லும் ஏற்பாடு அதில் உண்டு. 2006 இல் அந்தச் சாட்சிகளுக்கு இது எதுவும் இருக்கவில்லை.

கிண்ணியா_மருத்துவம் எழுதியது:

மூன்றாவது கேள்விக்கு. தற்கொலை என்று மூடியதைத் திறப்பதற்கு, முதல் பிரேத பரிசோதனையில் என்ன பதிந்தார்கள் என்பதே அடிப்படை. அறிக்கையின் முடிவு வரியைவிட அளவுகளைப் பாருங்கள். தூக்கில் கயிற்றுத் தடம் பொதுவாகக் குரல்வளைக்கு மேலே, முடிச்சுப் பக்கம் சரிந்து ஏறும், ஓரிடத்தில் விட்டுப்போகும். கயிற்றால் நெரித்தால் தடம் கிடையாகவும் தாழ்வாகவும் கழுத்தைச் சுற்றி முழுதாகவும் இருக்கும். தடத்தின் அகலம், உயரம், திசை மூன்றையும் எழுதி, அளவுகோல் வைத்துப் படமும் எடுத்திருந்தால் பத்து வருடம் கழித்து இன்னொரு சட்ட வைத்திய அதிகாரி மறுபடி யோசிக்கலாம். "கழுத்தில் தடம் உண்டு" என்று மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய ஏலாது. எரிந்த உடலில் மூச்சுக்குழாயில் கரி இருந்ததா, இரத்தத்தில் கார்பன் மொனொக்சைட் பார்த்தார்களா? இரண்டும் இல்லாவிட்டால் தீப்பிடிக்கும்போது அந்த ஆள் உயிரோடு இருந்தாரா என்பதே கேள்விக்குறி.

மாதிரிகள் கெடுவது பெரும்பாலும் பொதியிடலில். பஞ்சுக்குச்சியை ஈரத்தோடு மூடினால் நம் கடற்கரை ஈரப்பதனுக்கு ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடிக்கும், டிஎன்ஏ சிதையும். நிழலில் காற்றில் உலர்த்தி, காகித உறையில் இட வேண்டும். இரத்தம் தோய்ந்த உடுப்பையும் பொலித்தீன் பையில் கட்டக் கூடாது. நகத்துண்டுகள் இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு ஒன்று எனத் தனி உறையில். ஒவ்வொரு உறையிலும் முத்திரை, இலக்கம், கைமாறிய திகதி, ஒப்பம். கொழும்பில் அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகும் வழியில் ஒரு ஒப்பம் விடுபட்டாலும் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும்.

உடல் பற்றி ஒன்று. எங்கள் ஊர்களில் சைவக் குடும்பங்கள் பெரும்பாலும் தகனம்தான் செய்கின்றன. தகனம் முடிந்தால் இரண்டாம் பரிசோதனைக்கு வழியே இல்லை. சந்தேகம் இருந்தால், விசாரணை முடியும்வரை அடக்கம் மட்டும் செய்யுமாறு கட்டளையிடும்படி உறவினர் திடீர் மரண விசாரணை அதிகாரியிடமோ நீதவானிடமோ அன்றைக்கே கேட்க வேண்டும். அடக்கம் செய்த உடலில் மென்மையான பகுதி போனாலும் கடைவாய்ப்பல்லிலும் தொடை எலும்பிலும் டிஎன்ஏ பல காலம் நிற்கும். கழுத்து நாவடி எலும்பு முறிவும் தேடலாம், ஆனால் இளம் வயதினரில் அது முறியாமலே நெரித்திருக்க முடியும். முறிவு இல்லை என்பதைத் தற்கொலைக்குச் சான்றாக எழுதிவிடாதீர்கள்.

கோணேசர்_வீதி எழுதியது:

பிரசுரிக்கும்போது கவனிக்க வேண்டியதையும் சேர்த்துவிடுகிறேன். இங்கே குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டது, குடியியல் அவதூறு வழக்கு இருக்கிறது. நடக்கும் வழக்கைப் பற்றி எழுதினால் 2024 இல் வந்த நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தையும் அதே ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் படித்துவிட்டு எழுதுங்கள். துலூஸ் பெண்கள் இருவரையும் பத்திரிகைகள் முதலில் புனைபெயரில் குறித்தன, நீங்களும் உண்மைப் பெயரைத் தேடிப் போடாதீர்கள். கொல்லப்பட்டவர்களின் பெயரும் கட்டுரைக்குத் தேவையில்லை, ஆண்டும் இடமும் போதும்.

ஐந்து மாணவர் வழக்கை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் பத்திரிகைத் துண்டுகளை வைத்து எழுத வேண்டாம். சட்டத்தரணி ஒருவர் மூலம் மோஷன் (நீதிமன்றத்துக்கான எழுத்து விண்ணப்பம்) போட்டு, வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியைக் கேளுங்கள். வழக்கிலக்கமும் தவணைத் திகதியும் மோஷனில் இருந்தால் பதிவறையில் தேடுவது சுலபம். 2019 ஜூலைக் கட்டளையை முதலில் கேளுங்கள், பிறகு சாட்சிப் பட்டியல். பட்டியலில் எத்தனை பேர், கூண்டில் ஏறியவர் எத்தனை பேர் என்று எண்ணிவிட்டுக் கட்டுரையின் அந்தப் பந்தியைத் தொடங்குங்கள்.