பனியாறு உருகும் துருவக் கரைக்கடலில் மீத்தேன் எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
பனியாறுகள் பின்வாங்கும் துருவக் கரையோரக் கடலிலிருந்து மீத்தேன் வெளியேறுவதாகப் படித்தேன். அது பனிக்கட்டிக்குள் அடைபட்டிருந்த வாயுவா? வெளிவருவது முழுவதும் காற்றில் கலந்துவிடுமா?

பதில் 1:
பனிக்கட்டியின் குமிழ்களில் இருப்பது மிகச் சொற்பம். பனியாற்றின் அடியில் ஆக்சிஜன் இல்லாத வண்டலில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைப்பதால் ஒரு பகுதி உண்டாகிறது. பாறை அடுக்குகளில் தேங்கிய தொன்மையான இயற்கை வாயு மற்றொரு பகுதி. நார்வேக்குரிய ஸ்வால்பார்டில், பனியாறுகள் விட்டுச்சென்ற நிலத்தில் ஊற்றெடுக்கும் நிலத்தடி நீரில் மீத்தேன் மிகுதியாகக் கரைந்திருப்பதை 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஆழ்கடலில் எழும் குமிழ்கள் மேலே வருவதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. கரைந்ததையும் மீத்தேனை உண்ணும் பாக்டீரியாக்கள் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. ஆழம் குறைந்த கரையோரத்தில் இதற்கு அவகாசம் குறைவு. அண்டார்க்டிகாவின் ராஸ் கடலில், சுமார் 10 மீட்டர் ஆழத்தில், 2011-இல் தோன்றிய ஒரு மீத்தேன் கசிவில், ஐந்து ஆண்டுகள் கழித்தும் அந்த வாயுவை முழுமையாக உண்ணும் நுண்ணுயிர்க் கூட்டம் உருவாகியிருக்கவில்லை. என்னை மிகவும் கவலைகொள்ள வைப்பது இந்தத் தாமதமே.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உருகிவரும் நன்னீருக்கும் இதில் பங்கு உண்டா?

பதில் 2:
உண்டு. உப்பு குறைந்த அந்த நீர் எடை குறைவாக இருப்பதால் கோடையில் மூடிபோல மேலே பரவி, அடியிலுள்ள மீத்தேன் மேற்பரப்பை எட்டுவதைத் தடுக்கிறது. புயற்காற்று அடுக்குகளைக் கலக்கும்போது, தேங்கியதில் நுண்ணுயிர்கள் உண்டது போக எஞ்சியது வெளியேறக்கூடும். ஆகவே கோடை அளவீடுகளை மட்டும் கொண்டு ஆண்டு முழுவதற்குமான அளவைக் கணிப்பது சரியாகாது.