மறு: கமெலான் இசையில் 'பத்தெத்' – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களே,

ஜாவாவின் வெண்கல வாத்தியக் குழுவான கமெலானில் வரும் 'பத்தெத்' என்ற சொல்லுக்கு 'உணர்வு அளவுகோல்' என்று இங்கே வந்த பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அளவுகோல் என்றதுமே பள்ளிக்கூடத்து மர ஸ்கேல்தான் கண்முன் நிற்கிறது. அது போகட்டும், ஜாவாக்காரர்கள் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதை நாம் ஒரே சொல்லில் திணிக்கிறோமே, அதுதான் சிக்கல்.

முதலாவது லாரஸ், அதாவது வெண்கலக் கருவிகளுக்கு வைத்திருக்கும் சுருதி. ஸ்லெந்த்ரோ என்ற லாரஸில் ஐந்து சுரம், ஏறக்குறைய சம இடைவெளி, ஸ்தாயிக்கு 1200 சென்ட் (சுர இடைவெளியை அளக்கும் அலகு) என்றால் ஒவ்வொன்றும் 240 பக்கம் வரும். பெலோக் என்ற இன்னொரு லாரஸில் ஏழு சுரம், இடைவெளிகள் சமமில்லை. ஒரு கமெலானின் ஸ்லெந்த்ரோ இன்னொரு கமெலானின் ஸ்லெந்த்ரோவோடு அப்படியே பொருந்தாது, வாசிக்கும்போது நடுவில் திருத்தவும் வழியில்லை. இதற்கு 'சுருதிக்கட்டு' போதும்.

பெலோக் என்றால் கம்பீரம், ஸ்லெந்த்ரோ என்றால் குதூகலம் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அரைகுறை உண்மை. பழைய வழக்கப்படி மகாபாரதக் கதை ஆடும் வயாங் கூலித் தோல்பாவைக் கூத்துக்கு விடிய விடிய ஸ்லெந்த்ரோதான். அரசவையும் போரும் கோமாளிகளின் கும்மாளமும் அதே ஐந்து சுரத்துக்குள்தானே நடக்கின்றன!

அங்கேதான் இரண்டாவதான பத்தெத் வருகிறது. இரவு ஒன்பது மணி வாக்கில் நெம் என்ற பத்தெத், நள்ளிரவுக்கு மேல் சங்கா (கோமாளி செமாரும் அவன் பிள்ளைகளும் வந்து சிரிக்க வைப்பது இங்கேதான்), மூன்று மணியிலிருந்து விடியும்வரை மன்யூரா. மன்யூரா நம் மயூரம்தான், மயில். சுரங்கள் மாறுவதில்லை, எந்தச் சுரத்தில் போய் இளைப்பாறுவது என்பதுதான் மாறுகிறது. ஸ்லெந்த்ரோவின் ஐந்து சுரங்களை 1, 2, 3, 5, 6 என்று எண்ணால் குறிப்பார்கள்; மன்யூராவில் 3-2-1-6 என்று இறங்கி முடிவது சங்காவில் ஒரு படி கீழே 2-1-6-5 ஆகிவிடும்.

ஆகவே 'ராகம்' வேண்டாம், கமகமும் ஆலாபனையும் கூடவே வந்து தொலைக்கும். பொழுதோடு கூடிய 'பண்' நெருக்கமானது, தேவாரப் பண்களிலும் பகற்பண், இரவுப்பண் என்ற பிரிவு உண்டே. முதலில் 'பண்நிலை' என்றுதான் யோசித்தேன், அப்புறம் சந்தி சேர்த்து எழுதிப் பார்த்தால் 'பண்ணிலை', பண்ணே இல்லை என்று படிக்கிறது. சரி, பத்தெத் என்ற ஜாவா சொல்லுக்கே அடக்கி நிறுத்துவது என்ற பொருள் இருப்பதால் 'பண்வரம்பு' என்று முன்மொழிகிறேன்.

உணர்வுக்கு அவர்கள் சொல்வது 'ரசா'. அதற்குச் 'சுவை' என்று தனியாக வைத்துக்கொள்வோம். "மன்யூரா என்ற பண்வரம்பில், ஸ்லெந்த்ரோ சுருதிக்கட்டில் அமைந்த பாட்டு" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எனக்கு இடறவில்லை, உங்களுக்கு இடறினால் எழுதுங்கள்.